மஸ்கட்டுக்கு நாலு மணி நேரம்

பிப். 3, திங்கள்
காலையிலேயே சுள்ளென்று வெயில். டாக்ஸியில் சிதம்பரம் சவாரி. கீழ வீதியில் திரும்பும்போது போனில் செய்தி. என் மனைவி ஸ்டெல்லா. விசா வந்துவிட்டது! ஓரங்கட்டி மூன்று முறை பார்த்தேன். என் பெயரேதான்.

பின்சீட்டு அம்மா: "என்னா தம்பி, தானா சிரிக்கிறீங்க?"
"பொண்டாட்டிகிட்ட போறேம்மா. மஸ்கட்ல நர்ஸா இருக்காங்க."
"அப்ப சிரிங்க, சிரிங்க."

பிப். 4, செவ்வாய்
கடலூரிலிருந்து சென்னை விமான நிலையம், என் வண்டியில், டீக்கு நிறுத்தி, நாலு மணி நேரம். அங்கிருந்து மஸ்கட் இரண்டாயிரத்து ஐந்நூறு கி.மீ.க்கு மேல். அதுவும் நாலு மணி நேரம்தான்! நம்பவே முடியவில்லை.

அங்கே கடிகாரம் ஒன்றரை மணி பின்னால். காலை பத்துக்கு ஏறினால் பன்னிரண்டரைக்கு இறக்கம். ஒன்றரை மணி சும்மா கிடைக்கிறது. அதையும் அவளோடு கழிக்கலாம்.

ஒரே பயம். கல்யாணமானதும் அவள் லீவு முடியும்வரைதான் சேர்ந்து இருந்தோம். அப்புறம் எல்லாம் போன்தான். நேரில் பேச்சே வராமல் போய்விட்டால்? அந்நியர் மாதிரி உட்கார்ந்திருந்தால்?

பிப். 7, வெள்ளி
முடி வெட்டியாயிற்று. செருப்பு புதுசு, கடிக்கிறது.

ஸ்டெ. அம்மா சிதம்பரத்திலிருந்து மூட்டையோடு வந்தார். நாரத்தங்காய் ஊறுகாய், குழம்பு மிளகாய்த்தூள், முறுக்கு, நெத்திலிக் கருவாடு. பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தோம். எடை ஜாஸ்தி. என் சட்டைகள் வெளியே போயின.
"சட்ட அங்கயும் கெடைக்கும் மாப்ள. நெத்திலி கெடைக்குமா?"

பிப். 9, ஞாயிறு
விமானத்தில். எழுத்து கோணல்.

மச்சான் டேவிட் விமான நிலைய வாசலில் கொண்டுவந்து விட்டான். அந்த வாசல்வரை எத்தனை பேரை நான் விட்டிருப்பேன்! ஸ்டெ.வையும் அங்கேதான் விட்டேன். அவள் உள்ளே போக, நான் வெளியே நின்றேன். இன்று காவலர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து "போங்க" என்றார். அழுகை வந்துவிட்டது.

பக்கத்துச் சீட்டு லால்பேட்டை பாய். "மொத தடவையா? காது அடைக்கும். எச்சில முழுங்குங்க." டீக்கு எங்கே நிற்கும் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். மேகமெல்லாம் கீழே!

அதே நாள், மஸ்கட், சாயங்காலம்
வெளியே ஸ்டெ. நின்றாள். இளைத்திருக்கிறாள். பயந்தது நடந்தது. "வாங்க" என்றாள். "ம்" என்றேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வரை அப்படியே நடந்தோம். யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.

கைப்பழக்கம். வலப்பக்கக் கதவைத் திறந்து ஜம்மென்று உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைக் காணோம்! இந்த ஊரில் அது இடப்பக்கமாம். அங்கே ஸ்டெ. சாவியோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். ஓட்டக் கற்றுக்கொண்டதை என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. என் முழியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது.

"டிரைவரே, பெல்ட்டப் போடுங்க" என்றாள்.

வீடு வரும்வரை இருவரும் வாய் மூடவே இல்லை.