கறுவலின் படம்

புதன்கிழமை, இரவு

நித்திரை வரவில்லை. இன்று முல்லைத்தீவுக் கடையொன்றில் தம்பியின் மனைவி யோகா போட்ட நாய்ச்சாப்பாட்டுப் பக்கற் தொங்கியது. நான் வீட்டில் செய்து விற்பதைப் போலவே மீன்தலையும் குறுணல் அரிசியும் அரைத்துப் போறணையில் சுட்ட உருண்டைகள். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று நான் யோசித்து வைத்த அதே கண்ணாடித்தாள் சதுரம். அதற்கு மேலே என் நாய் கறுவலின் படம்! என் முற்றத்தில் வைத்தே எடுத்திருக்கிறாள். உதவி செய்கிறேன் என்று மாதக்கணக்கில் வந்துபோனது இதற்குத்தான்.

அந்தச் சதுரத்தின் உட்பக்கம் வேர்த்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுட்டதை இரவு முழுக்கப் பாயில் பரவி ஆறவிட்டு, விடிந்த பிறகுதான் நான் பக்கற்றில் அடைப்பேன். அவள் பின்னேர பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். ஆறவிடுவதைக் கண்டதேயில்லை. சூட்டோடு அடைத்திருக்கிறாள். காசைக் கொடுத்து ஒரு பக்கற்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பொழுதுபட அவளே ஃபோன் எடுத்தாள்.

"மச்சாள், பக்கற்றுக்குள்ள தண்ணி பிடிக்குது. ஏனெண்டு தெரியுமோ?"

"காத்துப் போகுதாக்கும். இன்னும் இறுக்கி ஒட்டுங்கோ" என்றேன். என் குரலில் தேன் வடிந்தது.

வாங்கி வந்த பக்கற்றை வெட்டியதும் பூஞ்சண மணம் அடித்தது. கொஞ்சத்தைக் கறுவலின் முன்னால் கொட்டி, அவன் படம் தெரியப் பக்கற்றையும் பக்கத்தில் நிறுத்தினேன். மோந்து பார்த்தான். பிறகு மூக்கால் மண்ணைத் தள்ளித் தள்ளி அதை மூடிவிட்டுப் போனான். முழுவதையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் கடைக்காரருக்கு அனுப்புவதா, தம்பிக்கு அனுப்புவதா என்பதுதான் இப்போது யோசனை. கறுவல் வாசலில் நல்ல நித்திரை. அவன் தன் வேலையை முடித்துவிட்டான்.