வளைவில் வழிவிட்டவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறாளா?

நான் நலம். ஸ்கூட்டர் இப்போது சொன்னபடி கேட்கிறது. ஹெல்மெட் வாரை மாட்டாமல் கிளம்புவதில்லை. லாரியை ஒட்டிப் போவதும் இல்லை.

போன வாரம் ஆலைக்குத் திரும்பும் வளைவில் ஒரு விபத்து. எனக்கு ஒரு கீறலும் இல்லை. திரும்பத் தெரியாமல் நான் தடுமாறி நின்றபோது, பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெரியவர் சிரித்தார்.

"வண்டிக்குப் புதுசா? நீங்க முன்னாடி போங்கம்மா, நான் நிக்கிறேன்."

நான் திரும்பிவிட்டேன். பின்னால் சத்தம் கேட்டது. பார்த்தால், அவர் நின்ற இடத்தில் லாரி நின்றது. அவர் பிழைக்கவில்லை.

இப்போதும் அந்த வளைவில் அவர் குரல் கேட்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, யாருமில்லாத பக்கத்தைப் பார்த்து, "இல்லைங்க, முதல்ல நீங்க போங்க" என்கிறேன். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். முடிந்தால் தினமும் காலையில் போன் செய்து, "போய்ச் சேர்ந்துட்டியா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கே அதைக் கேட்க ஆளில்லை.

ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்