எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் லேப்டாப்

இல்லை அம்மா, லேப்டாப்பில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் கிடைக்காது. நலம் விசாரிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். போனில் பேசினால் சண்டையாகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நின்று நின்று வீங்கிய கால் எப்படி இருக்கிறது?

நீ ஷூ கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஆம்பூரில் ஒரு தையல் கோணினால் ஷூ எக்ஸ்போர்ட்டில் கழிந்து பாதி விலைக்கு வரும். அந்தக் கணக்கை நான் இருக்கும் புனே வரைக்கும் கொண்டுவராதே. நேற்றுக் கடையில் நின்று வீடியோவில் காட்டினேனே, அந்தப் புது லேப்டாப் எடை கம்மி, விலையும் கம்மி. நீ என்ன சொன்னாய்?

“கொறையே இல்லன்னா வெல எதுக்குடி கம்மி? எங்கனா இருக்கும், நல்லாத் திருப்பிக் காட்டு.”

உன் பக்கத்தில், உன்னோடு செக்கிங் பார்க்கும் ஹுமேரா அக்கா வேறு: “மோந்து பாக்கச் சொல்லு ஜோதி, ரெக்சினா இருக்கப் போவுது!”

கடைக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாங்காமலே திரும்பினேன்.

பழையது செங்கல் கனம். அதைத் தூக்கிக்கொண்டுதான் கிடங்கு கிடங்காகப் போய் அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமைச் சரிசெய்கிறேன். இன்று அதோடு பஸ் படியில் சறுக்கிவிட்டேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதே. ஆனால் லேப்டாப் அதற்குப் பிறகு ஓடவில்லை. அது இல்லாமல் நாளைக்கு வேலைக்குப் போக முடியாது.

குறை கேட்டாயே, யோசித்துக் கண்டுபிடித்தேன். பழையதைவிடத் திரை சின்னது. வீடியோவில் நீ இன்னும் சின்னதாகத் தெரிவாய்.

திரை துடைக்க, ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் மெத்தென்ற லைனிங் தோல் துண்டு ஒன்று அனுப்பு. இங்கே துணி கிடைக்கும். இருந்தாலும் அனுப்பு.

கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

பூர்ணிமா

பி.கு.: போய் அதையே வாங்கி வந்துவிட்டேன்.