இரண்டு குடத் தண்ணீர்

அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன். கொதி வர இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாகக் குமிழி ஒட்டிவிட்டது. "அது ஆவி இல்ல புள்ள, தண்ணிக்குள்ள இருந்த காத்து வெளிய வருது" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நீங்கள் போய் மூன்று ஆடி கடந்துவிட்டது. எனக்குப் பேச்சுத்துணை இந்தக் குமிழிதான்.

சேலத்துக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் வேலை உங்களுக்கு. அது போதாதென்று நம் வீட்டின் பக்க அறையிலும் ஒரு கருவி. ரேடியோ வால்வுகள் நாலைந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு படிகத் தகடு. மின்சாரம் பாய்ந்தால் அந்தத் தகடு காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். அதன்மேல் வைத்த குவளைத் தண்ணீரில் குமிழிகள் பிறந்து பிறந்து நொறுங்கும். தண்ணீரோடு விட்டீர்களா? என் சமையலறையையே தூக்கிக்கொண்டு போனீர்கள். மண்ணெண்ணெயில் சட்டென்று புகைபோலக் குமிழி கிளம்பியது. விளக்கெண்ணெய் லேசில் அசைந்து கொடுக்கவில்லை. "உங்கய்யன் மாதிரி, எத்தன ஆட்டுனாலும் கம்முனு கெடக்குது" என்றீர்கள். என் அப்பாவை இழுத்ததற்காக இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை.

நீங்கள் போன அந்த ஆடியில் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. ஒரு சொட்டு விடாமல் கொதிக்க வைத்தே புழங்கினேன். உங்கள் குவளைக்கும் அந்தத் தண்ணீர்தான். குமிழி வரவில்லை. கருவி கெட்டுவிட்டதென்று ஞாயிறு முழுக்க அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது.

"ஏனுங்க, அது கொதிச்சு ஆறுன தண்ணிங்க."

துள்ளிக் குதித்தீர்கள். காற்று போய்விட்ட தண்ணீரில் குமிழிக்கு வித்தே இல்லை என்றீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பச்சைத் தண்ணீர் ஒரு குடம் வேண்டுமென்று அடம் பிடித்தீர்கள்.

"ஊரே பேதியில கெடக்குது. பச்சத் தண்ணி ஊட்டுக்குள்ள எதுக்குங்க?"

"நான் குடிக்கவா போறேன்? செவுத்தோரம் பச்சத் தண்ணி, சன்னலோரம் கொதிச்சது. நெனவு வெச்சுக்க, அவ்வளவுதான்."

என் கல்யாணச் சீரில் வந்த ஜோடிப் பித்தளைக் குடங்களில் நிரப்பி, கருவி இருந்த அறையில் வைத்தேன். சன்னலோரக் குடத்தில்தான் நீங்கள் குடிக்கவும் மொண்டுகொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை அறையைக் கழுவுவதற்காக இரண்டையும் வெளியே எடுத்து வைத்தேன். கழுவி முடித்துத் திரும்ப வைத்தேன். மத்தியானம் வேர்த்து விறுவிறுக்க வந்து, சன்னலோரக் குடத்தில் மொண்டு இரண்டு டம்ளர் குடித்தீர்கள். மறுநாள் விடியலில் உங்களுக்குப் பேதி கண்டது.

"கல்லூரியில எதையாச்சும் குடிச்சிருப்பாருங்கம்மா" என்றார் டாக்டர். இருக்கலாம். நான் குடங்களை மாற்றி வைத்தேனா, சரியாகத்தான் வைத்தேனா? என் கை குடத்தை இறக்குவது கண்ணுக்குள் தெரிகிறது. எந்தக் குடம் என்பது தெரியவில்லை. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் "தண்ணி குடு புள்ள" என்றீர்கள். சமையலறையில் கொதித்து ஆறியிருந்ததெல்லாம் உங்களுக்குக் கொடுத்தே தீர்ந்திருந்தது. அந்த அறைக்குள் ஓடினேன். இரண்டு குடத்துக்கும் நடுவில் நின்றேன். எட்டிப் பார்த்தேன், முகர்ந்தேன், நாக்கில் வைத்தும் பார்த்தேன். இரண்டும் தண்ணீர். உங்கள் கருவியை ஓட்டினால் எது எதென்று தெரிந்திருக்கலாம். ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான நீங்கள் படுக்கையில் கிடந்தீர்கள். இரண்டையும் கொய்யா மரத்தடியில் கவிழ்த்துவிட்டுப் புதிதாக உலை வைத்தேன். அது கொதித்து ஆறுவதற்குள் நீங்கள் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்.

கருவியைக் கல்லூரிக்காரர்கள் கொண்டுபோனார்கள். படிகத் தகடு என் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. ஒரு குடத்தை உங்கள் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். மற்றதில்தான், தண்ணீர் ஆறியதும் ஊற்றி வைக்கிறேன். ஊற்றியதும், கொதித்தது என்பதற்கு அடையாளமாகக் குடத்தின் கழுத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டுவேன். வீட்டில் வேறு குடமும் இல்லை, குடிக்க வேறு ஆளும் இல்லை. ஆனாலும் தினமும் கட்டுகிறேன்.