யோகநாதன் இசையமைப்பாளர் அல்லர்

கனகராயன்குளம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பிரதாபன் அறிவது, இங்கே நாங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பிரான்சுக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இவ்வளவும் அப்பா சொன்னது. அண்ணா, எழுதுவது தேனுகா. அப்பா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவர் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது என் பொறுப்பு, ஏச்சு விழும் இடங்களை மட்டும் சொன்னபடியே விட வேண்டுமாம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இந்த உறைக்குள் அப்பா சத்தியம் செய்து கையெழுத்து வைத்து முடித்த சத்தியக்கடதாசி ஒன்று இருக்கிறது. அதன் மூலப்பிரதியே உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதால்தான் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம்.

மேட்டு வயல் வெட்டியாகிவிட்டது, பள்ள வயல் இன்னும் ஈரமாகக் கிடப்பதால் மெசின் இறங்காது என்கிறார்கள். யானை வந்து கிணற்றடி வாழைகளை முறித்துவிட்டுப் போனது, நெல்லைத் தொடவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று எழுதினால் நீங்கள் அந்தப் பூச்சு மருந்தை அனுப்பமாட்டீர்களாம், ஆகவே கூடியிருப்பதாக எழுதச் சொல்கிறார். எனக்குச் சோதனை நெருங்குகிறது. படிக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய குரல் பதிவை அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். முதலில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் விளங்கியபடி சொன்னேன், பிழையென்றால் திருத்துங்கள். இணையத்தில் மெட்டு விற்கும் கடையில் நீங்கள் போட்டுவைத்த 'இனிய காலை'யை அங்கத்தைய தொலைக்காட்சி ஒன்று சமையல் நிகழ்ச்சிக்குப் பின்னணியாகப் போட்டிருக்கிறது. அப்படி ஒளிபரப்பாகும்போது இயற்றியவருக்குச் சேர வேண்டிய பணத்தை ஆற்றுகை உரிமைச் சங்கம் வாங்கிக் கொடுக்கும். ஆனால் தொலைக்காட்சி கொடுத்த பட்டியலில் இயற்றியவர் பெயர் யோகநாதன் என்று இருக்கிறது. சங்கத்தில் அங்கத்தவராக இருப்பவரோ பிரதாபன். யோகநாதன் என்று எங்களிடம் ஒருவரும் இல்லை என்று சங்கம் சொல்கிறது. இதில் உங்கள் பிழை என்ன? கடையின் படிவத்தில் முதற்பெயர் என்று ஒரு பெட்டி கேட்டால் நாங்கள் முதலில் வருகிற பெயரைத்தானே எழுதுவோம். பாடசாலை இடாப்பிலிருந்து வங்கிப் புத்தகம் வரை அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். அவர்கள் முன்னால் நிற்பவரைத்தான் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது ஊருக்குள் கசிந்ததும் பக்கத்து வயல் பாலன் அண்ணர் தேநீர்க்கடையில் வைத்து, "என்ன யோகண்ணை, பிரான்ஸ் ரீவிக்கு மியூசிக் போடுறியளாம், எங்கட திருவிழாவுக்கும் ஒருக்கா வாங்கோவன், கோஷ்டிக்காரருக்குக் குடுக்கிற காசு மிச்சம்" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், பசனையில் அப்பா கைதட்டினால் மற்றவர்களின் தாளமும் பிசகும் என்று அம்மா அவர் கையில் தேங்காய்த் தட்டைக் கொடுத்துவிடுவார். வழக்கமாக அப்பாவும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, "என்ர பிள்ளை பேக்கரியில நிண்டு போட்டு வந்து நித்திரை முழிச்சுச் செய்தது, அதில என்ர பேர் கிடக்கு, கள்ளன் மாதிரிக் கிடக்கு எனக்கு" என்றார்.

அதைவிட அவரைச் சுட்டது உங்கள் கடைசி வசனம். பழைய மெட்டுகள் எந்தச் சங்கத்திலும் பதியப்படாதவை, இனி ஒருநாளும் அவற்றுக்கு உரிமை கோரமாட்டேன் என்று எழுதிய தாளைக் கடைக்காரர் அனுப்பியிருக்கிறார்கள், கையெழுத்து வைத்தால் உங்கள் மெட்டுகளை முகப்பில் போடுவார்களாம், உங்கள் பெயரைச் சுருக்கிப் பிராட் என்று ஒரு சின்னப் பெயரும் தந்திருக்கிறார்கள், தலையிடி வேண்டாம் சைன் வைத்துவிடுகிறேன் என்றீர்கள். பிராட் என்றால் என்ன கருத்து என்று அப்பா கேட்டார். அகராதியில் தேடினேன், சொல்லக்கூடியதாக ஒன்றும் அகப்படவில்லை. "முன்னுக்கு வைக்கினமாம். சந்தையில முன்னுக்கு வைச்சாப்போல என்ர நெல்லு அவன்ர நெல்லாகுமோ? அவனுக்கு மண்டையில மூளை கிடக்கோ, மாவு கிடக்கோ எண்டு கேட்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

முதலில் அப்பா தன் பெயரை எடுத்துவிடத்தான் சொன்னார், என்ர பேராலதானே கரைச்சல், எறியச் சொல்லு என்று. அம்மா குசினிக்குள் இருந்து, "ஏன் எறியிறது? நாங்கள் அவையின்ர ஊர்ப் பேரெல்லாம் நாக்குச் சுளுக்கச் சுளுக்கப் பழகேல்லையோ? அவை ரெண்டு பேரை ஒழுங்காய் வாசிக்கப் பழகட்டும்" என்றார். அதன்பிறகு வீட்டில் வேறு கதை இல்லை. அடுத்த நாள் காலையே அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு சத்தியக்கடதாசி முடித்துத் தரும் சமாதான நீதவான் அப்புத்துரை மாமாவிடம் போனார்.

மாமா கண்ணாடியைக் கழற்றி அப்பாவைப் பார்த்தார். "காணிக்குச் சத்தியக்கடதாசி முடிச்சிருக்கிறன், அடையாள அட்டை துலைஞ்சதுக்கு முடிச்சிருக்கிறன், ஒரு மனிசன் தனக்குப் பாட்டு வராதெண்டு முடிக்க வந்ததை இப்பதான் பாக்கிறன்" என்றார். பிறகு, ரோயல்ட்டி ஃப்ரீ என்று போட்டுத்தானே தம்பி விற்றவன், இலவசமாகக் கொடுத்ததற்கு என்ன உரிமை என்று கேட்டார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன், வாசித்துப் பார்த்த பிறகுதான் வேறு என்று விளங்கியது. வாங்குபவர் ஒருமுறை கட்டினால் போதும், ஒவ்வொரு தடவையும் கட்டத் தேவையில்லை, அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். ஒளிபரப்புகிறவர் சங்கத்துக்குக் கட்டுவது வேறு கணக்கு, இயற்றியவர் தானாக எழுதிக் கொடுத்தாலொழிய அந்த உரிமை அவரை விட்டுப் போகாது என்று சொன்னேன். மாமா கொஞ்சம் யோசித்து, "அப்ப காணியை உறுதி எழுதிக் குடுக்கேல்லை, குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறான்" என்றார். அப்பா துள்ளி எழும்பி, "ஓம், இப்ப நீட்டிக்கொண்டு நிக்கிறாங்களே ஒரு தாள், அதுதான் உறுதி!" என்றார். எனக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியது, அண்ணா. நீங்கள் தலையிடி என்று சொல்லிக் கையெழுத்து வைக்கப் போவது காணியையே எழுதிக் கொடுக்கும் உறுதிக்கு.

சத்தியக்கடதாசியில் இப்படி இருக்கிறது: யோகநாதன் ஆகிய நான் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவன் என்றும், 'இனிய காலை' முதலான மெட்டுகளை இயற்றியவர் என் மகன் பிரதாபனே என்றும், எங்கள் வழக்கப்படி மகனின் பெயருக்கு முன்னால் நிற்கும் பெயர் தகப்பனைக் குறிக்குமே தவிர வேறோர் ஆளைக் குறிக்காது என்றும் சத்தியம் செய்கிறேன். குரலும் சரியில்லை என்று சேர்க்கச் சொல்லி அப்பா நின்றார். அது தேவையில்லை யோகு, ஊருக்கே தெரியும் என்று மாமா மறுத்துவிட்டார். ஆங்கிலப் பிரதியும் கூட இருக்கிறது, பிரெஞ்சுக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் வைத்திருக்கிறேன்.

சங்கம் இதை ஏற்குமா என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன். அவர்கள் இன்னும் ஏதாவது கேட்கக்கூடும். கேட்கட்டும், இங்கிருந்து அனுப்புவோம். அப்பா சொல்வது இதுதான்: "காசு வந்தா வரட்டும், வராட்டி விடட்டும். வராமல் போறது வேற, வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கிறது வேற. எங்களிட்ட எத்தினை தாள் நீட்டினவங்கள், நான் வாசிக்காமல் ஒண்டிலயும் கை வைச்சதில்லை. என்ர மகன் வாசிச்சுப்போட்டும் வைக்கப் போறானோ?" சமையல் நிகழ்ச்சிக்குப் பின்னால் கிடக்கும் சத்தம்தானே என்று நீங்கள் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் வீடியோத் துண்டை நீங்கள் அனுப்பிய அன்று அவர் வெங்காயம் வெட்டுகிறவளைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக் கேட்டார், தாளம் பிசகத் தட்டிக்கொண்டு.

இனி அப்பா சொல்வது: தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு, காதுக்குள் அந்த வயரைச் செருகியபடி வீதி கடக்காதே. உன் கைக்கும் காதுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். அந்தத் தாளைக் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பு, மாட்டேன் என்று ஒரு சொல் மேலே எழுதினால் போதும், காரணம் கேட்டால் அப்பா விடவில்லை என்று சொல். பிராட் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதே. இது அப்பா சொன்னது, அம்மாவும் சொல்கிறார், நானும் சொல்கிறேன். கையெழுத்தை மட்டும் அப்பா தானே பேனை வாங்கி வைக்கிறார்.

இப்படிக்கு,
உன்ர பேருக்கு முன்னால நிக்கிற அப்பா,
சின்னத்தம்பி யோகநாதன்