அட்டையில் இல்லாத வசனங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

குவைத்திலிருந்து ரூபன். கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேனுங்க. உங்கள் முழங்கால் வலி தேவலையா? உடுமலையில் மழை உண்டா?

புத்தாண்டு ஆராதனையில் அம்மா என் பேருக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டை வந்து சேர்ந்தது. இந்த வருஷத்துக்கென்று எனக்கு விழுந்தது, நல்ல முடிவைத் தருவதாகக் கர்த்தர் சொல்லும் எரேமியா வசனம். இந்த வருஷம் ஊருக்கு வந்துவிடுவேன் என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதையே சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "ஒத்த வசனத்தப் பிச்செடுக்காதே கண்ணு, அதிகாரம் முழுசும் படி" என்பீங்களே, அந்தப் பழக்கத்தில் மேலிருந்து சத்தமாக வாசித்துவிட்டேன். அது சிறைப்பட்டு அந்நிய தேசம் போனவர்களுக்கு வந்த கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்கிறது. ஜெபக்கூட்டத்தில் இருந்த எல்லோருமே குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். கைதட்டியவர்கள் அவரவர் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள். கடைசியில் நானே சிரித்துவிட்டேன்.

கவலைப்படாதீங்க. வேதம் சத்தியம் என்றால் அட்டையில் அச்சிட்டது மட்டும் சத்தியம் என்று சொல்ல முடியாதுங்களே.

இங்கே நர்ஸாக இருக்கும் மதிவதனி அக்கா லீவுக்கு வருகிறார். இதை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது பருப்புப்பொடியோடு கொஞ்சம் கீரை விதையும் கொடுத்தனுப்புங்க. பால்கனியில் ஒரு பெயின்ட் வாளி காலியாகக் கிடக்கிறது.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. தண்டுக்கீரை, கொத்தமல்லி எதுவானாலும் சரி. மரமாகிற விதை மட்டும் வேண்டாங்கப்பா.

உங்கள்
ரூபன்