ஜன்னல் வேண்டும், படகு வேண்டாம்

மார்ச் 4, புதன்

போனைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு வாரம். அதனால்தான் இந்த நோட்டு.

காரணம் விசில். கப்பல் கம்பெனி எழுதுவது மாதிரியே மாமாவுக்கு ஒரு கடிதம் அடித்துத் தபாலில் போட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய பயணிகள் உயிர்காப்பு உடையில் உள்ள விசிலை மூச்சு விடாமல் இருபது நொடி ஊதிப் பழகி வர வேண்டும் என்று. மாமா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருக்கிறார். மூன்று நாள் பயிற்சிக் காருக்குள்ளேயே ஊதிப் பழகியிருக்கிறார். ஸ்டியரிங் பிடித்திருந்த பெண் ஒவ்வொரு விசிலுக்கும் நட்டநடு ரோட்டில் பிரேக் அடித்திருக்கிறாள். நான்காம் நாள் பயண ஏஜென்ட்டிடம் போய், "இருபத்திரண்டு நொடி வருது, போதுமா?" என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம மானம் கப்பலேறிடுச்சுடி."

"நமக்கு முன்னாடியே அதுக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சாம்மா?"

ஒரு வாரத் தண்டனை இரண்டு வாரமானது இந்தக் கேள்வியால்தான். பரவாயில்லை. நல்ல கேள்வி.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் கப்பல் மாநாடு. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இருபத்தைந்து வருடம் முடிந்ததற்கு ஜூலையில் நீண்ட விடுமுறை தருகிறார்கள். அதற்குத்தான் இந்தப் பயணம். வடக்குக் கடல், பனிமலை, ஏழு நாள். ஏஜென்ட் காட்டியது இரண்டு கப்பல்: ஒன்று பெரிது, ஒன்று சின்னது. அப்பா, அம்மா, நான், மாமா, அத்தை. விடுமுறை அம்மாவுடையது. முடிவு மாமாவுடையது.

மாமா அம்மாவின் அண்ணன். நாற்பத்தெட்டு வயதுத் தங்கையை இன்னும் "பாப்பா" என்கிறார். பயிற்சிக் காரில் கற்றுத்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எல்லார் வாழ்க்கையிலும் தன் காலடியில் ஒன்று இருப்பதாக அவருக்கு நினைப்பு. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கப்பலில் போனார். அன்றிலிருந்து என் நோட்டில் அவர் பெயர் அட்மிரல்.

இன்றும் அந்த ஆல்பம் வந்தது. பதினோரு படம். பதினொன்றிலும் ஒரே நீலச் சட்டை.

"ஏழு நாளும் இதே சட்டையா மாமா? அத்தை பாவம்."

"வாலு, வாயை மூடு." பிறகு தீர்ப்பு. "பெரிய கப்பல். பதினெட்டு மாடி. ரெண்டும் உள் கேபின். கேபின்ங்கறது தூங்கறதுக்கு. கண்ணை மூடிட்டா ஜன்னல் எதுக்கு?"

உள் கேபின் என்றால் கப்பலின் வயிற்றுக்குள், நாலு பக்கமும் சுவர்.

அம்மாவைக் கேட்டார்கள். "எதுன்னாலும் சரிண்ணா."

அப்பாவைக் கேட்டார்கள். அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். இரண்டு லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டுகிற மாதிரியே பேசுவார். "இதுவும் நல்லாருக்கு. அதுவும் நல்லாருக்கு."

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பெரிய கப்பல்தான் சொல்லியிருப்பேன். பதினாறாம் மாடியிலிருந்து சறுக்கிக்கொண்டே பன்னிரண்டாம் மாடித் தண்ணீரில் விழலாமாம்! முதல் தடவையாக அட்மிரலும் நானும் ஒரே கட்சி. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

மார்ச் 9

சறுக்கு, சறுக்கு, சறுக்கு. கணக்கு வகுப்பில் வேறெதுவும் ஓடவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அம்மா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பள்ளி விட்டதும் நான் கொண்டுபோனேன். அவள் வேலை செய்யும் இடத்துக்கு இதுவரை போனதே இல்லை. பதினாறு வருடமாக மகளாக இருக்கிறேன், இது எப்படி நடந்தது?

ஆஸ்பத்திரிக்குக் கீழே இரண்டு தளம். ஆபரேஷன் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, நீராவியில் வேகவைத்து, பொட்டலம் கட்டும் அறை. அறை முழுக்க வெள்ளை விளக்கு. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. மழை பெய்கிறதா என்றுகூட அங்கே தெரியாது. இருபத்தைந்து வருடம்.

அம்மா உள்ளே இயந்திரத்திடம் இருந்தாள். கூட வேலை செய்யும் அக்கா, "லாக்கர்ல வைச்சிட்டுப் போம்மா" என்று திறந்துவிட்டார். கதவின் உட்பக்கம் பழைய காலண்டர் தாள் ஒன்று. இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் ஒரு சந்து மாதிரி நுழைந்து போகிறது. ஓரத்தில் ஒல்லியாக ஓர் அருவி. கீழே அந்த இடத்தின் பெயர். தாளின் நான்கு மூலையிலும் ஒட்டியதன் மேல் ஒட்டிய டேப்.

"தினம் அதைப் பாத்துட்டுதான் கை கழுவப் போவாங்க உங்கம்மா" என்றார் அந்த அக்கா. "இது எந்த வருஷக் காலண்டர்னு எனக்கே தெரியாது. நான் சேர்ந்தப்பவே இருந்துச்சு."

எதுன்னாலும் சரியாம். எதுன்னாலும் சரியா?

மார்ச் 18, புதன்

போன் திரும்பி வந்தது. முதல் வேலையாக இரண்டு கப்பல்களின் பாதையையும் பார்த்தேன். பதினெட்டு மாடி அந்தச் சந்துக்குள் போகாது. வாசலோடு திரும்பிவிடும். இன்னொரு கம்பெனியின் சின்னக் கப்பல், ஏழே தளம், உள்ளே கடைசி வரை போகிறது. சின்னக் கப்பலில் சறுக்கு இல்லை. செஸ் பலகை இருக்கிறதாம்.

செஸ்.

சரி. போர்.

மார்ச் 22, ஞாயிறு

பாதி வெற்றி.

மேசையில் எல்லாரும் இருக்கும்போது ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன். காலண்டரில் படித்த பெயரைச் சொல்லி, "பெரிய கப்பல் அதுக்குள்ள போகுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"போகாதும்மா. சின்னதுதான் போகும்."

அம்மா சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு நொடிதான். அப்பாகூட அதைப் பார்த்துவிட்டார். அதிசயமாக, "அப்ப சின்னதே நல்லாருக்கு" என்றார். ஒரே லென்ஸ்!

மாமா விடவில்லை. "கப்பல் எதுவா வேணா இருக்கட்டும். கேபின் உள்ளதான்."

"அம்மாவுக்கு ஜன்னல் வேணும்."

"பாப்பா அப்படிச் சொன்னாளா? பாப்பாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

அம்மா சொல்லவில்லை. சொல்லேன்ம்மா! வாயில் என்ன, அங்கேயும் டேப்பா?

ஆனாலும் நான் விட்டேனா? பாத்திரம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது, மாமா காரைக் கிளப்பும்போது. ஜன்னல், ஜன்னல், ஜன்னல். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், அட்மிரல் எம்மாத்திரம்.

மார்ச் 25

நகர்ந்துவிட்டது! எங்கள் மூன்று பேருக்கும் ஜன்னல் கேபின், அவர்கள் இரண்டு பேருக்கும் உள் கேபின் என்று மாமாவே முன்பதிவு செய்துவிட்டார். "இப்ப திருப்தியா, வாலு?" என்று தாளை நீட்டினார். எனக்கே கொஞ்சம் பாசம் வந்தது.

மார்ச் 27, வெள்ளி

பாசத்தை வாபஸ் வாங்குகிறேன்.

கப்பலின் தளப் படத்தில் எங்கள் கேபின் எண்ணுக்குப் பக்கத்தில் கொசு அளவு முக்கோணம். படத்தின் அடியில், எறும்பே கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில்: முக்கோணம் – பார்வை மறைக்கப்பட்டது. ஜன்னலுக்கு நேர் வெளியே உயிர்காப்புப் படகைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் முழுக்கப் படகும் இருக்கிறது.

எல்லாரிடமும் சொன்னேன். மாமா போனிலேயே சிரித்தார். "அடுத்த விசிலா? எத்தனை நொடி ஊதணும்?" தளப் படத்தை அனுப்பினேன். "இதையும் நீயே வரைஞ்சியா? நல்லா வரைஞ்சிருக்க." அப்பா பூதக்கண்ணாடி எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, "அச்சுப் பிழையாக்கூட இருக்கலாம்" என்றார். அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

புலி வருது, புலி வருது என்று சொன்னவன் கதை எனக்கும் தெரியும். அதில் என்ன நியாயம்? கடைசியில் புலி நிஜமாகவே வந்ததே! அதை யாராவது பேசுகிறார்களா?

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "என்னடி, கப்பல் கவிழ்ந்த மாதிரி?" என்று கேட்டார் அப்பா.

ஆமாம்ப்பா. அதேதான்.

மார்ச் 28

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணால் காட்டினால்? அடுத்த தெருவில் நிற்கும் மாமாவின் பயிற்சிக் காரின் உறை – பளிச்சென்ற ஆரஞ்சு. உயிர்காப்புப் படகும் அதே நிறம்தான்.

மார்ச் 29, ஞாயிறு

விடிந்ததும் எழுந்து, அம்மா அப்பா அறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடும் கம்பியில் கார் உறையைக் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே அட்டைப்பெட்டிகளைத் திணித்துப் படகு மாதிரி வயிறு உப்ப வைத்தேன். கறுப்பு மையில் "7" என்று எண்ணும் போட்டாயிற்று. கலைஞர் வேலை, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஏழரைக்கு அம்மா திரையை விலக்கினாள்.

அறை முழுக்க ஆரஞ்சு இருட்டு. அம்மா கத்தவில்லை. அப்படியே நின்றாள். நான் கதவருகில் இருந்து சொன்னேன்: "இதான்ம்மா நம்ம கேபின். ஏழு நாளும் இதான்."

அதற்குள் வாசலில் மாமா. "என் கார் கவரைக் காணோம்! இது அந்த வாலு வேலைதான்!" அறைக்கே வந்துவிட்டார். அத்தை பின்னால். ஜன்னலைப் பார்த்தார். "விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா? இறக்குடி அதை!"

"இறக்க மாட்டேன். முக்கோணம் நிஜம். நீங்க ஏஜென்ட்டைக் கேக்கற வரைக்கும் இது இங்கதான் தொங்கும்."

"ஒரு படகு தெரிஞ்சா என்ன இப்ப? பாப்பாவுக்கு அதெல்லாம் ஒண்ணும்–"

"வேணாம்ண்ணா."

அம்மா. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ன வேணாம்?"

"எனக்கு இது வேணாம். நான் இருபத்தஞ்சு வருஷமா சுவரைப் பாத்துட்டேன். அவ்வளவு தூரம் போய் இன்னொரு சுவரைப் பாக்க மாட்டேன். எனக்கு மலை தெரியணும்." பிறகு, மறந்துபோனதைச் சேர்க்கிற மாதிரி: "அருவியும்."

அம்மா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. நான் பார்த்தேன். பிரேக் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 1

ஏஜென்ட் உறுதி செய்தார். படகு நிஜம். மாமாவும் கவனிக்கவில்லை, ஏஜென்ட்டும் சொல்ல மறந்துவிட்டாராம். இன்றைக்கு ஊரே ஏமாற்று வேலை செய்கிறது, நான் மட்டும் உண்மை பேசி ஜெயித்திருக்கிறேன். மானக்கேடு.

ஏப்ரல் 4, சனி

சிக்கல். படகில்லாத ஜன்னல் கேபின் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேருக்கானது. எங்களில் ஒருவர் மாமா அத்தையோடு உள் கேபினில் படுக்க வேண்டும். மாமா மறுபடி ஆரம்பித்துவிட்டார். "குடும்பத்தைப் பிரிக்கணுமா? எல்லாரும் உள்ளயே இருக்கலாம்."

எனக்குத் தாங்கவில்லை. அத்தையைச் சமையலறையில் பிடித்தேன். "மாமாவுக்கு ஜன்னல் மேல என்ன அத்தை அவ்வளவு பகை?"

அத்தை தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார், சத்தத்துக்கு. "உன் மாமா காரை ஓட்டினா சரி. அடுத்தவங்க ஓட்டினா குமட்டும். போன தடவை முதல் நாளே ஜன்னல்ல கடல் ஏறி இறங்கறதைப் பாத்துப் படுத்தவர்தான். ஆறு நாள் திரையைத் திறக்கல. கடைசி நாள் கரை சேர்ந்ததும் எழுந்து குளிச்சு, பதினோரு படம் எடுத்துக்கிட்டார்."

நீலச் சட்டை!

"பாப்பா ஜன்னல்கிட்ட கூப்பிட்டு உக்கார வைப்பான்னு பயம். அவ முன்னாடி வாந்தி எடுத்தா அண்ணன் கௌரவம் என்னாகறது?"

என் வாழ்க்கையிலேயே கிடைத்த மிகப் பெரிய வெடி. கையில். திரியோடு. இரவுச் சாப்பாட்டில் கொளுத்தினால் அட்மிரல் பத்து வருடத்துக்கு எழ மாட்டார்.

கொளுத்தவில்லை. ஏன் என்று தெரியவில்லை. பயமில்லை, அது மட்டும் சத்தியம்.

மாமா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்: "மாமா, உள் கேபின்ல நான் படுக்கறேன், உங்க கூட. ஆனா கீழ்த்தளம், கப்பலோட நடுவுல வேணும். அங்கதான் ஆட்டம் கம்மியாம்."

"ஏன்?"

"எனக்கு வாந்தி வரும். ஜன்னல்ல பாத்தா இன்னும் மோசம். அம்மாகிட்ட சொல்லாதீங்க, வீணா கவலைப்படும்."

மாமா துடைப்பதை நிறுத்தி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ரங்கராட்டினத்தில் ஆறு சுற்று சுற்றிவிட்டு இறங்கி ஐஸ்கிரீம் கேட்டவள் நான். கூட்டிப்போனவரே அவர்தான்.

"உனக்கா?"

"எனக்குத்தான்."

துணியைப் பிழிந்தார். பிழிந்து முடித்த துணியை மறுபடி பிழிந்தார். "சரி. உனக்காக வேணா கேட்டுப் பாக்கறேன்."

இது நான் செய்ததிலேயே நல்ல ஏமாற்று வேலை. யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 13

ஏறிவிட்டோம். ஆபத்துக்காலப் பயிற்சியில் எல்லாரையும் விசிலை ஊதிப் பார்க்கச் சொன்னார்கள். மாமா ஊதினார். இருபத்திரண்டு நொடி. தளமே திரும்பிப் பார்த்தது. ஒரு மாலுமி கை தட்டினார்.

ஜூலை 15

உள் கேபினில் விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்ததும் மூடியதும் ஒன்றுதான். அத்தை குறட்டை. மாமா மூன்றாவது நாளாகப் படுக்கை, தலைமாட்டில் எலுமிச்சை. கப்பல் அசையும்போதெல்லாம் போர்வைக்குள் அவர் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. காலையா, மதியமா, கடவுளுக்கே வெளிச்சம். எனக்கு அதுகூட இல்லை.

கேபின் போன் அடித்தது. அம்மா.

"முழிச்சிட்டியா? உள்ள நுழைஞ்சிட்டோம்டி. அந்த இடத்துக்குள்ள."

"மேல வரட்டுமா?"

"வா. இரு, இரு, வர்றதுக்குள்ள போயிடும், சொல்றேன் கேளு. வலப்பக்கம் பாறை. கை நீட்டினா தொட்டுடலாம் போல. மேல பனி, ஆனா வெள்ளை இல்ல, நீலம். காலண்டர்ல ஒரு அருவிதான். இங்க நாலு. இல்ல, அஞ்சு–"

"எந்தக் காலண்டர்ம்மா?"

"நடிக்காத. அன்னிக்கு லாக்கர்ல கண்ணாடியை வைச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா? அதோ, ஆறு!"

நிறுத்தவே இல்லை. எதுன்னாலும் சரி என்கிற அம்மா, ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனியாகக் கருத்து சொல்லிக்கொண்டிருந்தாள். இருட்டில் மாமா அசைந்தார்.

"யாருடி?"

"அம்மா."

"என்ன சொல்றா பாப்பா?"

ஒலிபெருக்கியில் வைத்துப் போனை அவர் தலையணையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். ஏழாவது அருவி வந்தபோது, "பெருசா?" என்று அவரே கேட்டார்.

"பெருசுண்ணா. நீ படுத்துக்க. நான் சொல்றேன்."

போர்வைக்குள் கால் அசையவில்லை. நான் செருப்பை இருட்டில் தேடி மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மேலே ஓடினேன்.